பதினொரு வாரக் கீழாநெல்லி

அரசு மருத்துவமனையின் ஆண்கள் வார்டில், ஜன்னலிலிருந்து இரண்டாவது கட்டிலில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். என்னை உட்காரவைத்தவள் என் மகள் நஸ்ரின். என் வலது கையைத் தூக்கி நோட்டின்மேல் வைத்தவளும் அவளே. வைத்துவிட்டால் போதும், எழுதிவிடுவேன். இந்த நோய் தோள், இடுப்பு, தொடை, தொண்டை ஆகிய இடங்களைப் பிடித்துக்கொண்டு விரல்களை விட்டுவைத்திருக்கிறது. வரிக்கு வரி கை தானே கீழே இறங்கும். பக்கம் முடிந்ததும் அடுத்த பக்கத்தின் உச்சிக்கு அதை ஏற்ற என்னால் முடியாது. அப்போது நஸ்ரினைக் கூப்பிட வேண்டும்.

இன்று மருந்து ஏற்றாத நாள், அதனால் நேரம் இருக்கிறது. ரத்தப் பரிசோதனைத் தாளில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி என்ற இரண்டு பெயர்களுக்கு எதிரே அளவு கூடியிருப்பதைப் பார்த்ததும் கல்லீரல்தான் என்று முடிவு கட்டுகிறவர்கள் என்னைப்போல் நிறையப் பேர் இருப்பார்கள். அவர்களில் ஒருவராவது படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்கு ஐம்பத்திரண்டு வயது. தாராவியில் தோல் பைகள் செய்யும் பட்டறையில் வேலை. பதப்படுத்தி வந்த தோலை விரித்துப் பார்த்து, எந்தப் பகுதி பையின் முகப்புக்கு, எது அடிப்பாகத்துக்கு, எது கழிவு என்று குறித்துக் கொடுப்பேன். இருபத்தாறு வருடமாக டைரி எழுதுகிறேன். அதில் என் கருத்து எதுவும் இருக்காது. அன்றன்று நடந்தது மட்டும், இரண்டு மூன்று வரி.

நோய் முதலில் தெரிந்தது பள்ளிவாசலில். பிற்பகல் அஸர் தொழுகையில் சஜ்தாவுக்குப் போனவனால் எழுந்திருக்க முடியவில்லை. நெற்றி தரையில் இருக்கிறது, மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள், என் தொடைக்கு நான் சொல்வது கேட்கவில்லை. பக்கத்தில் நின்றவரின் முழங்காலைப் பிடித்து எழுந்தேன். அடுத்த வாரம் தக்பீர் கட்டக் கையை உயர்த்தினால் காதுவரை போகவில்லை, தோளோடு நின்றது. நாற்காலியில் உட்கார்ந்து தொழும் கிழவர்களின் கடைசி வரிசைக்கு மாறிக்கொண்டேன். டைரியில் "அஸர், நாற்காலி" என்று மட்டும் எழுதினேன்.

அதே நாட்களில் கண்ணிமைகள் ஊதாவாக மாறின. பட்டறையில் மெஷின் ஓட்டும் காசிம், என்னை அண்ணன் முறைவைத்துக் காக்கா என்று கூப்பிடுபவன், விடுவானா?

"என்ன காக்கா, இந்த வயசுல சுர்மாவா? வீட்ல தெரியுமா?"

"சுர்மா இல்லல. தூக்கம் இல்ல."

"தூக்கம் இல்லன்னா கண்ணுக்குக் கீழதான் கறுக்கும். ஒங்களுக்கு மேல கறுத்திருக்கு. ஆள் யாருன்னு சொல்லுங்க, நா யார்ட்டயும் சொல்ல மாட்டேன்."

எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். விரல் முட்டிகளின்மேல் சிவப்பாக, சொரசொரப்பாகத் திட்டுகள் வந்தன. தோல் ஒட்டும் சொல்யூஷனின் அலர்ஜி என்று நினைத்துக்கொண்டேன். இமையும் முட்டியும் தொடையும் ஒரே நோயின் மூன்று இடங்கள் என்று யாருக்குத் தோன்றும்?

எங்கள் வீடு கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை. மேலறைக்குப் போக வெளிச்சுவரோடு நிற்கும் இரும்பு ஏணிதான் வழி. ஒவ்வொரு படிக்கும் தொடையைக் கையால் தூக்கி வைக்க வேண்டிய நிலை வந்தபோது என் மனைவி ரஹ்மத் கீழே நின்று தள்ள ஆரம்பித்தாள்.

"ஏங்க, நா என்ன கிரேனா? ரெண்டு கையாலயும் புடிச்சு ஏறுங்க."

"புடிச்சுத்தான் இருக்கேன். கால் வரமாட்டேங்கு."

"நல்லா வரும். பசிச்சா தானா எறங்கி வருதுல்லா?"

அடுத்த நாள் எங்கள் கலியில், அதாவது சந்தில், இருக்கும் டாக்டரிடம் போனோம். ரத்தம் எடுக்கச் சொன்னார். தாள் வந்தது. எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி இரண்டும் இருக்க வேண்டியதைப்போல் பல மடங்கு. கல்லீரலில் வீக்கம், காமாலையாக இருக்கலாம், எண்ணெயை நிறுத்துங்கள், ஓய்வெடுங்கள் என்று ஹிந்தியில் சொன்னார். காமாலை என்ற சொல் அன்று மாலைக்குள் மும்பையின் இன்னொரு மூலையில் இருக்கும் சீத்தா கேம்ப்வரை போய்விட்டது. அங்கே இருப்பவள் என் அக்கா மைமூன் லாத்தா.

மறுநாள் காலை அவள் எங்கள் வாசலில் நின்றாள், கையில் மூடிபோட்ட தூக்குச்சட்டி.

"காமாலைக்கு இங்கிலீஷ் மருந்து கெடையாதுல. எந்தப் பெரிய டாக்டர்ட்ட போனாலும் கடைசியில கீழாநெல்லிக்குத்தான் வரணும். வாயத் தெற."

கேம்ப் ஓரத்தில் முளைத்துக் கிடக்கும் செடியை வேரோடு பிடுங்கி, கழுவி, அம்மியில் அரைத்து, மோரில் கலந்து எடுத்து வந்திருந்தாள். வெறும் வயிற்றில் குடிக்க வேண்டும் என்பதால் விடியற்காலையில் முதல் பஸ் பிடிப்பாள். பத்தியமும் அவள் சொன்னதுதான். எண்ணெய் இல்லை, கறி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை. கஞ்சியும் மோர்ச்சோறும் மட்டும். அறுபது வயதுக்காரி, ஒரு நாள்கூடத் தவறவில்லை. என் கை உயராததால் தூக்குச்சட்டியை என் உதட்டில் வைத்து அவளே சாய்ப்பாள். பிறகு என் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பாள்.

"மஞ்ச இல்லையே."

"இல்ல லாத்தா."

"பெறகென்ன, மருந்து வேல செய்யுதுல்லா!"

இடையில் மூன்று முறை ரத்தம் எடுத்தோம். காமாலை இருந்தால் கூட வேண்டியது பிலிருபின் என்ற மஞ்சள் நிறப் பொருள். மூன்று தாளிலும் அது சரியாக இருந்தது. மூன்று முறையும் அதை நானே டைரியில் எழுதியிருக்கிறேன்: "பிலிருபின், சரி." எழுதிவிட்டு நோட்டை மூடியிருக்கிறேன். மஞ்சள் இல்லாத காமாலை எப்படி இருக்கும் என்று கேட்கவில்லை. மருந்து வேலை செய்கிறது என்றுதான் நானும் நினைத்தேன்.

பதினொரு வாரம் அப்படிப் போனது. ஒரு மதியம் மோர்ச்சோறு தொண்டையில் நின்றது. தண்ணீர் குடித்தேன். தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. ரஹ்மத் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தாள். உடனே நஸ்ரினைக் கூப்பிட்டு, பெரிய மருத்துவமனைக்குக் கிளம்பச் சொன்னாள்.

பெரிய மருத்துவமனையில் நம்பர் போட்டு, பெஞ்சில் இடம் இல்லாமல் நஸ்ரினின் கல்லூரிப் பையைத் தரையில் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்த பிறகுதான் எழ முடியாது என்பது நினைவு வந்தது. எங்கள் முறை வந்தபோது முன்பின் தெரியாத இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார்கள்.

எங்களை அனுப்பிய பிரிவில் சேலத்துப் பெண் டாக்டர் ஒருவர் இருந்தார். நான் நீட்டிய தாள்களை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு முதலில் என் விரல் முட்டிகளைப் பார்த்தார், பிறகு இமைகளை.

"பாய், கையைக் கட்டிக்கிட்டு ஸ்டூல்ல இருந்து எந்திரிங்க."

முயன்றேன். உடம்பு முன்னும் பின்னும் ஆடியது, எழவில்லை.

"யார் இதைக் காமாலைன்னு சொன்னது?"

அவர் விளக்கினார். எஸ்ஜிஓடியும் எஸ்ஜிபிடியும் கல்லீரலில் மட்டும் இருப்பவை அல்ல, தசையிலும் இருக்கின்றன. தசை உடைந்தாலும் அவை ரத்தத்தில் கசியும். தசைக்கென்று சிகே என்ற தனிப் பரிசோதனை உண்டு. அதை எடுத்தார்கள். அன்று மாலையே என்னை வார்டில் சேர்த்தார்கள். நோயின் பெயர் டெர்மடோமயோசைடிஸ். தோலும் தசையும் சேர்ந்து அழற்சி கொள்வது. அழற்சி என்றால் உடம்பின் காவல்படையே அந்த இடத்தில் புகுந்து அடிப்பது.

மறுநாள் மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் போட்டார்கள். சாப்பாடு நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. சில வாரங்களில் விழுங்கும் சக்தி திரும்பினால் குழாயை எடுக்கலாம். திரும்பாவிட்டால் வயிற்றில் துளையிட்டு நேரே அங்கே குழாய் வைக்க வேண்டும். வாயால் சாப்பிடுவது என்பது அதோடு முடிந்துவிடலாம். டாக்டர் இதை மெதுவாகத்தான் சொன்னார். அன்றிலிருந்து என் கேள்வி அது ஒன்றுதான். நடப்பது, ஏணி, பட்டறை எல்லாம் பின்னால் போய்விட்டன.

குழாய் போட்ட அன்று மதியம் டாக்டர் கேஸ் தாளோடு வந்தார். கட்டிலின் கால்மாட்டில் மைமூன் லாத்தா நின்றிருந்தாள்.

"பாய், எப்ப ஆரம்பிச்சுது, எப்படிக் கூடிச்சுன்னு வரிசையாத் தெரிஞ்சா நல்லா இருக்கும்."

எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன். எத்தனை நோயாளிகளிடம் டைரி இருக்கும்? நஸ்ரினை எடுக்கச் சொன்னேன். அவள் புரட்டிப் பார்த்து நாக்கைக் கடித்தாள்.

"வாப்பா, எனக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். ஒரு பக்கம் முடியவே சாயங்காலம் ஆயிடும்."

அவள் பக்கங்களைப் புரட்டிக் காட்ட, நான் வாசித்தேன். மூக்கில் குழாயோடு, ஆனால் திருத்தமாகவே வாசித்தேன்.

"கீழாநெல்லி. ஏணி ஏற ரஹ்மத் துணை."

"கீழாநெல்லி. சட்டையை நஸ்ரின் போட்டுவிட்டாள்."

"கீழாநெல்லி. பிலிருபின், சரி. பட்டறைக்குப் போகவில்லை."

"கீழாநெல்லி. மேலறைக்குப் போக முடியவில்லை. இனி படுக்கை கீழே."

டாக்டர் பேனாவை நிறுத்தினார். "எத்தனை நாள் இது?"

"பதினொரு வாரம்."

"பத்தியம்?"

"கறி, மீன், முட்டை இல்ல. கஞ்சி, மோர்ச்சோறு."

"பாய், கீழாநெல்லியால ஒண்ணும் கெட்டுப்போகல. ஆனா தசை கரையுற நேரத்துல புரதத்தை நிறுத்திட்டீங்க. இந்தப் பதினொரு வாரம் முன்னாடி வந்திருந்தா தொண்டைவரைக்கும் வந்திருக்காது..." என்று தொடங்கியவர், என் பார்வை போன திசையைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். லாத்தாவுக்குத் தமிழ்தானே, எல்லாம் புரிந்துவிட்டது. முந்தானையால் வாயைத் துடைத்தாள்.

"நா போயிட்டு வாரேன். பஸ்ஸுக்கு நேரமாச்சு."

சீத்தா கேம்புக்கு எந்த நேரமும் பஸ் உண்டு.

அதன் பிறகு பரிசோதனைகள். தசைக்குள் ஊசியைச் செருகி மின்சாரம் ஓடுவதைப் பார்த்தார்கள். எம்ஆர்ஐக்கு மூன்று நாள் காத்திருப்பு. இந்த நோய் சிலருக்கு எங்கோ ஒளிந்திருக்கும் புற்றுநோயின் நிழலாக வரும் என்பதால் உடம்பு முழுவதும் ஸ்கேன். அதன் முடிவு வரும்வரை ரஹ்மத் என்னிடம் தேவையில்லாத விஷயங்களை எல்லாம் பேசினாள். எதிர்வீட்டு ஆடு, மிக்ஸியின் ஜார், காசிமின் கல்யாணப் பேச்சு. புற்றுநோய் இல்லை என்று தெரிந்ததும் ஒரு பகல் முழுக்கப் பேசாமல் தூங்கினாள்.

பயாப்சிக்காகத் தொடையிலிருந்து ஒரு கொட்டைப்பாக்கு அளவு தசையை எடுத்தார்கள். தோலை எங்கே வெட்டுவது என்பதை இருபது வருடமாக நான் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது மையால் என்மேல் ஒருவர் கோடு போட, நான் கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தேன். அந்தத் துண்டுக்குச் சாயம் ஏற்றிப் பார்த்ததில், தசை இழைக் கட்டுகளின் ஓரத்து இழைகள் சுருங்கியிருந்தன. அங்கே ஒரு தனிப் புரதம் பழுப்பாகத் தெரிந்தது. அதுதான் நோயின் கையெழுத்து என்றார் டாக்டர்.

"அது எங்கிருந்து வருது?" என்று கேட்டேன்.

அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டார். உடம்பில் வைரஸ் புகுந்தால், புகுந்த செல் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியே விடும். அது ஒரு சேதி. பக்கத்துச் செல்களின் கதவில் அது போய் ஒட்டும். கதவுக்கு உட்புறம் ஜாக் என்ற புரதம் நிற்கிறது. அது சேதியை வாங்கி உள்ளே கடத்தும். உடனே செல் போருக்குத் தயாராகிப் புதுப் புரதங்களைச் செய்யும். அந்தப் பழுப்பு அதில் ஒன்று. வைரஸ் போனதும் சேதியும் நிற்க வேண்டும். எனக்கு வைரஸே இல்லை, சேதி மட்டும் நிற்காமல் வந்துகொண்டிருக்கிறது.

ரஹ்மத் குழாயில் பால் ஊற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எங்க கலியில 'பானி ஆயா'ன்னு ஒருத்தி கத்துவா டாக்டர். கார்ப்பரேஷன் தண்ணி வந்துட்டுன்னு அர்த்தம். கீழ் வீட்டுக்காரி அதக் கேட்டு ஏணியில டங்கு டங்குன்னு தட்டுவா, மேல் வீட்டுக்காரங்களுக்கு. எல்லாரும் டிரம்ம தூக்கிட்டு ஓடுவோம்."

"ம்."

"இவரு ஒடம்புல தண்ணியே வரல. ஆனா அவ கத்திக்கிட்டே கெடக்கா. இவ தட்டிக்கிட்டே கெடக்கா. ராவும் பகலும் எல்லாரும் டிரம்மோட ஓடி, சந்து செவத்தயெல்லாம் இடிச்சுத் தள்ளிட்டாங்க. அதானே?"

டாக்டர் சிரித்துவிட்டார். "அதேதான். இனிமே எல்லாருக்கும் நான் இப்படித்தான் சொல்லப்போறேன்."

"கத்துறவ வாயப் பொத்த முடியாதா?"

"அது எந்த வாயின்னு இன்னும் சரியாத் தெரியல. தட்டுறவ கையைப் பிடிக்க ஒரு மாத்திரை இருக்கு."

அந்த மாத்திரையிலும் ஒரு சங்கடம். தட்டுகிறவளின் கையைப் பிடித்துவிட்டால், உண்மையாகவே தண்ணீர் வரும் அன்று மேல்வீட்டுக்குத் தெரியாது. நம் ஊரில் டிபி கிருமி எந்த நெஞ்சில் தூங்குகிறது என்று யார் கண்டது? அதற்காக மார்பு எக்ஸ்ரே, மறுபடி ரத்தம். முதலில் ஸ்டீராய்டு, பிறகு ஐந்து நாள் சொட்டுச் சொட்டாக, தானமாக வந்த ரத்தத்திலிருந்து பிரித்த இம்யூனோகுளோபுலின், அதற்குப் பிறகுதான் இந்த மாத்திரை என்று வரிசை வைத்தார்கள். ஸ்டீராய்டில் முகம் பெருத்தது, சர்க்கரை ஏறியது, காரணமில்லாமல் அழுகை வந்தது. சிகே அளவு பாதிக்குமேல் இறங்கியது. கை உயரவில்லை. உடைப்பது நிற்கிறது, உடைந்தது கட்டப்படுமா என்பது பொறுத்துத்தான் தெரியும், சில இடங்களில் தசைக்குப் பதில் கொழுப்பு வந்து உட்கார்ந்துவிட்டது என்றார் டாக்டர். கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொள்வதைத் தவிர எனக்கு இங்கே வேறு வேலை இல்லை. திரும்பிப் படுக்க வேண்டுமானால் சொல்ல வேண்டும். மூக்கு அரித்தால் சொல்ல வேண்டும்.

லாத்தா வருவதை நிறுத்தவில்லை. இரண்டு நாளைக்கு ஒருமுறை வந்தாள். ஆனால் கால்மாட்டைத் தாண்டி வரவில்லை. டம்ளரைத் தொடவில்லை, போர்வையை இழுத்துவிடவில்லை. ரஹ்மத்திடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, கட்டில் கம்பியைப் பிடித்தபடி நிற்பாள். நான் ஏதாவது சொல்லலாமா என்று யோசிப்பதற்குள் கிளம்பிவிடுவாள்.

நேற்று, விழுங்குவதைச் சோதிக்கும் மராத்திப் பெண் வந்தார். கெட்டியாக்கிய தண்ணீரை மூன்று கரண்டி கொடுத்துப் பார்ப்பார்கள். மூன்றும் சரியாக இறங்கினால் குழாயை எடுப்பது பற்றிப் பேசலாம். ரஹ்மத் மருந்து கவுண்டர் வரிசையில் நின்றாள், நஸ்ரினுக்குப் பரீட்சை. அந்தப் பெண் ஒரு கையின் விரல்களை என் தொண்டையில் வைத்து, மறுகையால் ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்திருந்தார். கரண்டியை வாயில் கொடுக்க ஓர் ஆள் வேண்டும். கால்மாட்டில் நின்றவளைப் பார்த்து "ஆப் ஆயியே" என்று அழைத்தார்.

லாத்தா நகரவில்லை. "எங் கையால வேண்டாம். ரஹ்மத் வரட்டும்."

அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் இரண்டு வார்டு இருக்கிறது என்றார்.

"லாத்தா," என்றேன். "பிலிருபின் சரின்னு மூணு தடவ எழுதினது நான்தான். எழுதிட்டு நோட்ட மூடிட்டேன். நா பாத்திருக்கணும்."

"எழுதினது நீ. அரைச்சு ஊத்தினது நாந்தான்லா."

"சரி. இப்ப நா எப்படிக் குடிக்க? என் கை வராதே."

அவள் என் கையைப் பார்த்தாள். அது போர்வையின்மேல் யாரோ வைத்த இடத்தில் கிடந்தது. சுற்றிக்கொண்டு தலைமாட்டுக்கு வந்தாள். பிஸ்மி சொல்லிக் கரண்டியை எடுத்தாள். கெட்டித் தண்ணீரை அள்ளினாள்.

"வாயத் தெற."

முதல் கரண்டி இறங்கியது. தொண்டையில் இருந்த விரல்கள் தலையசைப்பதுபோல் லேசாக அழுத்தின. இரண்டாவது, நாக்கின் அடியில் சற்று நின்றுவிட்டு இறங்கியது. லாத்தா கண்ணை மூடியிருந்தாள். மூன்றாவது இறங்கவில்லை. இருமினேன், மூக்கு எரிந்தது, கண்ணில் நீர் வந்தது. அந்தப் பெண் என்னைக் குனியவைத்து முதுகில் தட்டினார். நெடுநேரம் மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டுவிட்டு, குழாய் இருக்கட்டும், நாளைக்கு மறுபடி பார்க்கலாம் என்று ஹிந்தியில் சொல்லித் தாளில் குறித்தார்.

நான் லாத்தாவைப் பார்க்கவில்லை. அவள் முந்தானையால் என் தாடையைத் துடைத்தாள், கழுத்தைத் துடைத்தாள். பிறகு கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, மும்பைக்கு வந்து நாற்பது வருடமாகியும் திருந்தாத தன் ஹிந்தியில், நாளைக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் கேட்டாள்:

"கல் கித்னா பஜே ஆனே கா?"